ஸ்டார்ட் ஆகாத பழைய வேன்: பாகத்தை மாற்றும் முன் எங்கெங்கே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்

பழைய வேனை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். காய்கறி, பூ, கேட்டரிங் என்று கோலாலம்பூரில் நம்மவர்கள் நிறையப் பேர் இன்னும் நிசான் வேனட், லைட்ஏஸ், பழைய ஹைஏஸ், இகோனோவேன் மாதிரி வண்டிகளைத்தான் நம்பி இருக்கிறோம். என் வேனட் ஒரு மழைக்காலம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். அடுத்த இடத்தில் ஸ்டார்ட்டர் போய்விட்டது என்றார்கள், அதுவும் மாறியது. அப்புறம், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர். இத்தனைக்கும் பிறகு தெரியவந்த உண்மையான கோளாறு, எஞ்சினையும் சேசிஸையும் இணைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிற ஓர் எர்த் பட்டை. கடையில் 20 வெள்ளி (ரிங்கிட்) கூட இல்லை. நடுவில் ஒருவர்கூட மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

அதனால் என் பேச்சு ஒன்றுதான்: அளக்காமல் எதையும் மாற்ற விடாதீர்கள். அளப்பதற்குப் படிப்பு வேண்டாம், ஓர் ஆள் துணை போதும். 2ஆம் படி நேராக ஒரு படிக்குப் போகச் சொன்னால் தவிர, கீழே சொல்வதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள், ஏனென்றால் காசில்லாத சோதனைகள் முன்னால் வருகின்றன, காசு பிடிக்கிறவை பின்னால் வருகின்றன.

1. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. 30 முதல் 60 வெள்ளிக்குள் கிடைப்பதே போதும். புடு ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக் கடைகளில் நேரில் பார்த்து வாங்கலாம். டெஸ்ட் லேம்ப் ஒன்று, 10 வெள்ளிக்குக் கிடைக்கும். 10, 12 நம்பர் ஸ்பானர், உப்புத்தாள், டார்ச் லைட், தடிமனான ஜம்பர் கேபிள். ஜம்பர் கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவு கேபிள் பார்க்கத் தடியாக இருக்கும், உள்ளே செம்பு நூல் போலத்தான் இருக்கும், ஸ்டார்ட்டர் இழுக்கிற மின்சாரத்தை அது கொடுக்காது.

கூடவே, வண்டியின் கெரான் (பதிவு அட்டை), இன்சூரன்ஸ் பாலிசியின் முதல் பக்கம், பேட்டரி வாங்கிய ரசீதும் வாரண்டி அட்டையும், மூன்றையும் படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாகம் வாங்கப் போனால் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் கேட்பார்கள். ஒரே பெயரில் ஓடுகிற வேன்களில் எஞ்சின் வேறு வேறாக இருக்கும், நினைவில் இருப்பதைச் சொல்லி வாங்கினால் ஸ்டார்ட்டர் பல் பொருந்தாது.

இந்த வேன்களில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. சீட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு எலெக்ட்ரிக் சோதனையே வேண்டாம், முதலில் ஒழுகலைப் பாருங்கள். கைப்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, டயருக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மோதிரம், கைச்செயின் கழற்றிவிடுங்கள்.

2. சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்

பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும். டாஷ்போர்டு விளக்கே வரவில்லை என்றால் பேட்டரி சுத்தமாகக் காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது, அல்லது பேட்டரி பக்கத்தில் இருக்கும் பெரிய ஃபியூஸ் கம்பி எரிந்திருக்கிறது. விளக்கு வருகிறது, ஆனால் திருப்பினால் சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், அலாரம், மெல்லிய வயர் பக்கம் போங்கள். அது 5ஆம் படி. 'டக டக டக' என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலம் இல்லை அல்லது இணைப்பு கெட்டிருக்கிறது. ஒரே ஒரு 'டக்', அதோடு அமைதி என்றால் ஸ்டார்ட்டர் அல்லது எர்த். முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் 3, 4 இரண்டையும் செய்யுங்கள். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் நேராக 7க்குப் போய்விடலாம்.

இன்னொன்று. 'வீர்ர்' என்று ஸ்டார்ட்டர் தனியாகச் சுற்றி எஞ்சின் அசையவே இல்லை என்றால், அது மின்சாரக் கோளாறு அல்ல, பல் சக்கரம் ஃபிளைவீலில் மாட்டவில்லை.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரி அல்லது இணைப்பு. வெளிச்சம் மாறவே இல்லை என்றால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே போகவில்லை.

3. பேட்டரி

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் சாவி போடும் முன் அளந்தால்தான் சரியான கணக்கு. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். 12.6 என்றால் முழுச் சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் மேலே எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். 10.5 பக்கத்தில் நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் உள்ளே ஒரு செல் செத்துவிட்டது. அதற்குப் புதுப் பேட்டரிதான்.

நின்றபடி 12.6 காட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளக்க வேண்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை. 10.5க்கு மேல் நின்றும் ஸ்டார்ட்டர் முனகினால் பேட்டரி நல்லது, பிரச்சினை அதைத் தாண்டி இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் என் முதல் பேட்டரிச் செலவே இருந்திருக்காது.

நம்மூர் வெயிலில், அதுவும் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரி, ஒன்றரை வருடம் முதல் இரண்டு வருடம் உழைத்தால் நல்ல உழைப்பு. தண்ணீர் ஊற்றுகிற வகையானால் தகடு மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணீர் கூடாது. பல பேட்டரிக் கடைகளில் லோட் டெஸ்ட் இலவசமாகவே செய்து தருவார்கள், கேளுங்கள். புதிது வாங்கினால் என்எஸ்60 அளவு சுமார் 200 முதல் 300 வெள்ளி ஆகும், பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் கழிப்பார்கள். ரசீதில் தேதியும் வண்டி நம்பரும் எழுதி வாங்குங்கள். இரண்டும் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டுப் போகும்போது சண்டைதான்.

வேறு வண்டியின் நல்ல பேட்டரியிலிருந்து ஜம்பர் போடும் முறை: செத்த பேட்டரியின் பாசிடிவ், நல்லதன் பாசிடிவ், நல்லதன் நெகடிவ், கடைசி முனையைச் செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில். பேட்டரி நெகடிவ் மேல் வைத்தால் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும். பாசிடிவையும் நெகடிவையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபியூஸ் கம்பி எரிந்து, ஆல்டர்னேட்டர் டயோடும் சேர்ந்து போகும்.

4. டெர்மினல், கேபிள், எர்த்: இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

பழைய வேனில் ஸ்டார்ட் ஆகாததற்கு நான் பார்த்தவரையில் அதிகமான காரணம் இதுதான், அதிகமாக விட்டுப்போவதும் இதுதான். காரணம், வெளிப்பார்வைக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலவே தெரியும். கிளாம்ப் பளபளப்பாக இருக்கும், கேபிளின் ரப்பர் முழுசாக இருக்கும். என் வேனில் நெகடிவ் கேபிளின் ரப்பரை ஓர் அங்குலம் கீறிப் பார்த்தபோது உள்ளே செம்புக்குப் பதில் பச்சைப் பொடி கொட்டியது. எஞ்சின் எர்த் பட்டையோ எண்ணெய் படிந்து கறுத்து, பின்னலில் பாதி இழை அறுந்து, மீதி இழைகள் விரலால் தொட்டதும் முறிந்தன. மழையும் ஈரமும் சேர்ந்த ஊரில் 20 வருடம் ஓடிய வண்டியில் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

மீட்டரைச் சும்மா வைத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு 12.6 காட்டும். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் அந்த ஓர் இழையால் முடியாமல் போகும். ஆகவே ஸ்டார்ட்டர் சுற்றும்போது கேபிளின் இரண்டு முனைக்கும் நடுவில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். செய்யும் விதம்:

எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க, பிளக்குக்குப் பொறி தரும் காயிலுக்குப் போகும் மெல்லிய பாசிடிவ் வயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி வையுங்கள். டீசலானால் பம்பில் எரிபொருளை நிறுத்தும் ஃபியூல் கட் சொலினாய்டின் வயர். இப்போது மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிடிவ் கம்பத்தில் குத்துங்கள். கிளாம்பில் வைக்காதீர்கள், ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில் இருக்கும் துருவும் கணக்கில் வர வேண்டும். கறுப்பு முனை ஸ்டார்ட்டரில் தடியான கேபிள் வந்து சேரும் நட்டில். துணைக்கு இருப்பவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாசிடிவ் பக்கம் கெட்டிருக்கிறது.

அடுத்து, கறுப்பு முனை பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில், சிவப்பு முனை எஞ்சின் இரும்பில், பெயிண்ட் இல்லாத இடம் பார்த்து. மறுபடி திருப்பச் சொல்லுங்கள். 0.3க்குள் இருக்க வேண்டும். என் வண்டி இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கெட்டது கேபிளா பட்டையா என்று பிரிக்க, ஒரு முறை கம்பத்துக்கும் சேசிஸுக்கும், ஒரு முறை சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் வைத்து அளந்தால் போதும்.

ஒவ்வொரு தடவையும் 10 விநாடிக்கு மேல் சுற்ற விடாதீர்கள். ஒரு நிமிடம் ஆற விட்டு மறுபடி செய்யுங்கள்.

மீட்டர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால்: ஜம்பர் கேபிளில் ஒரே ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை எஞ்சின் இரும்பிலும் மறுமுனையைப் பேட்டரி நெகடிவிலும் கவ்வி, ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துவிட்டால் எர்த்தான் குற்றவாளி. இன்னொரு அடையாளம், ஸ்டார்ட் செய்து பார்த்ததும் ஆக்ஸிலரேட்டர் கேபிளையோ சோக் கேபிளையோ தொட்டால் சூடாக இருக்கும். எர்த் பட்டை வழியாகப் போக முடியாத மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். இப்படி விட்டால் கேபிளே உருகி ஒட்டிக்கொள்ளும், ஓடும்போது ஆக்ஸிலரேட்டர் இறுகிப்போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரிசெய்ய: நெகடிவை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். கம்பத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். புதுப் பட்டையை மாட்டும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும். பட்டை 15 முதல் 30 வெள்ளி, கேபிள் ஆர்டர் கொடுத்துச் செய்தால் 40, 50 வெள்ளி. அரை நாள் வேலை.

5. சத்தமே இல்லை: சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் வரை

ஸ்டார்ட்டரில் தடியான கேபிளைத் தவிர ஒரு மெல்லிய வயர் வரும், 50 என்றோ எஸ் என்றோ குறித்திருப்பார்கள். அதில் டெஸ்ட் லேம்பை வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லேம்ப் பிரகாசமாக எரிந்தும், மீட்டரில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும், ஸ்டார்ட்டர் அசையவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள். மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ வயரில் பின்னோக்கிப் போக வேண்டும்.

பழைய வேன் பலவற்றில் சொலினாய்டின் (ஸ்டார்ட்டரில் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) மின்சாரம் முழுக்கச் சாவி சுவிட்ச் வழியாகவே போகிறது, நடுவில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) கிடையாது. வருடக்கணக்கில் அந்தச் சுவிட்சின் உள்ளே இருக்கும் தகடு கருகிப்போகும். பத்துத் தடவை திருப்பினால் ஒரு தடவை பிடிக்கிறது என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். சுவிட்சை மாற்றுவதோடு ஒரு நான்கு கால் ரிலேவும் போட்டுவிடச் சொல்லுங்கள். ரிலேயும் வயரும் 25 வெள்ளிக்குள் முடியும், சுவிட்ச் நீண்ட காலம் உழைக்கும்.

ஆட்டோ கியர் என்றால் நியூட்ரலில் வைத்துத் திருப்பிப் பாருங்கள். பார்க்கில் மறுத்து நியூட்ரலில் எடுத்தால் கியர் சுவிட்ச்.

இதில் எல்லாரும் மறக்கிற ஒன்று, முன்னால் வைத்திருந்தவர் போட்ட அலாரம். பழைய அலாரங்கள் ஸ்டார்ட்டர் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே வைத்திருக்கும். அலாரமே வேலை செய்யாத வண்டியிலும் அந்த ரிலே ஸ்டீயரிங்குக்குக் கீழே இன்சுலேஷன் டேப்புக்குள் சுருண்டு கிடக்கும். செகண்ட் ஹேண்ட் வேன் வாங்கினவர்கள் முதலில் அங்கே கையை விட்டுப் பாருங்கள். எலி கடித்த வயரும் அந்தப் பக்கத்தில்தான் கிடைக்கும்.

6. ஸ்டார்ட்டர்

மேலே எல்லாம் சரி, 50இல் மின்சாரம் வருகிறது, 'டக்' என்கிறது, சுற்றவில்லை. ஸ்டார்ட்டர் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். சுற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இது வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும், மருந்து அல்ல.

ஸ்டார்ட்டரை முழுசாக மாற்றுவதற்கு முன், கழற்றி வயரிங் கடைக்கு எடுத்துப் போங்கள். பிரஷும் சொலினாய்டின் உள்ளே இருக்கும் செம்புத் தகடும் மட்டும் மாற்றினால் 60 முதல் 120 வெள்ளிக்குள் முடியும். ரீகண்டிஷன் செய்தது 150 முதல் 300 வரை கேட்பார்கள். ஹாஃப்-கட் கடையில் (பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடை) எடுப்பதானால் அங்கேயே பேட்டரி வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பல் எண்ணிக்கையையும் போல்ட் ஓட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

7. நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

பெட்ரோல் வண்டியானால் காயிலின் பாசிடிவில் சாவி போட்ட நிலையில் மின்சாரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதோடு நிறுத்தாமல், ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த சுவிட்ச் சுற்றும் நேரத்தில் மட்டும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிடும். சாவியை விடும் கணத்தில் எஞ்சின் ஒரு தடவை உதறினால் இதைச் சந்தேகப்படுங்கள்.

பெருமழை அல்லது திடீர் வெள்ளத்துக்குப் பிறகு என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, டபிள்யூடி-40 அடித்துத் துடையுங்கள். மூடியில் முடி போல ஒரு கரிக்கோடு தெரிந்தால் விரிசல், மாற்ற வேண்டும். ஸ்பார்க் பார்ப்பதற்கு ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிவிடுங்கள், விலை மலிவுதான். எஞ்சின் சீட்டுக்குக் கீழே இருக்கிற வண்டியில் வயரைக் கையில் பிடித்துப் பொறி பார்ப்பது ஆபத்து. தண்ணீர் இன்னும் நிற்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம், எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

டீசலில் ஃபியூல் கட் சொலினாய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா, சாவி போட்டதும் 'டிக்' என்கிறதா பாருங்கள். ஹீட்டர் பிளக் நான்கில் ஒன்று போனால் பெரிதாகத் தெரியாது. இரண்டு மூன்று போனால்தான் காலையில் வெள்ளைப் புகை விட்டு அடம்பிடிக்கும்.

8. ஜம்பர் போட்டால் ஓடுகிறது, மறுநாள் காலையில் மறுபடி செத்துக் கிடக்கிறது

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், வைப்பர், ஏர்கான் ஃபேன் எல்லாம் போட்டும் 13.5க்கு மேல் நின்றால் ஆல்டர்னேட்டர் சரி. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது நம்மூரில் பழக்கம். யாராவது செய்ய வந்தால் தடுத்துவிடுங்கள். நல்ல ஆல்டர்னேட்டரையே அது கெடுத்துவிடும்.

சார்ஜ் சரியாக இருந்தும் இறங்கினால் ஏதோ ஒன்று ராத்திரியில் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, நெகடிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் காட்டினால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளுக்குள் பாதி காலி. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள், எதில் எண் விழுகிறதோ அந்தப் பக்கம்தான். ரிவர்ஸ் கேமரா, டாஷ்கேம், ரேடியோ, பின் கதவு விளக்கு இவைதான் வழக்கமான ஆட்கள். எல்லாவற்றையும் பிடுங்கியும் எண் இறங்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு. அதன் தடியான வயரைக் கழற்றி அளந்தால் தெரிந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. மீட்டர் இப்படி மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் எரியும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையிலிருந்து எடுத்து வோல்ட் ஓட்டைக்கு மாற்றுங்கள். மறந்துபோய் அப்படியே பேட்டரியில் குத்தினால் நேரடி ஷார்ட்.

9. கடைக்குப் போகும்போது

பொமனிடம் (மெக்கானிக்) போகாதீர்கள், வயரிங் செய்பவரிடம் போங்கள். இரண்டும் வேறு வேலை. "ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொல்லாமல், அளந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: நிற்கும்போது இவ்வளவு, சுற்றும்போது இவ்வளவு, எர்த்தில் இவ்வளவு விழுகிறது. எண் வைத்திருப்பவரிடம் கண்டதை மாற்றச் சொல்ல மாட்டார்கள். சோதனைக்கு மட்டும் 30 முதல் 80 வெள்ளி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நேரம் முக்கியம். வார நாள் காலையில் முதல் வண்டியாகப் போய் நில்லுங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போனால் திங்கள்வரை வண்டி அங்கேதான். சீனப் புத்தாண்டு வாரத்தில் பாகக் கடைகள் அநேகமாக மூடியிருக்கும். வண்டி சரக்கு வேனாகப் பதிவாகியிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை உண்டு. அதற்கு முந்தின வாரம் வயரைப் பிரித்துப் போடாதீர்கள்.

நடுரோட்டில் நின்றுவிட்டால், கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். விலை பேசாமல் கொக்கி மாட்டிவிட்டால் அப்புறம் அவர் சொல்வதுதான் விலை. இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் உதவி எண்ணுக்கு முதலில் போன் செய்யுங்கள். பல பாலிசிகளில் இவ்வளவு தூரம்வரை இழுவை இலவசம் என்று இருக்கும், ஆனால் நீங்களாக ஆள் பிடித்துவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் தர மறுப்பார்கள். வண்டி நம்பர், பாலிசி நம்பர், அடையாள அட்டை எண் மூன்றும் கேட்பார்கள். பிளஸ் நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000, பிளஸ்ரோண்டா (நெடுஞ்சாலை ரோந்து உதவி) வரும். அழைக்கும்போது பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.